கிலோவுக்குக் கிலோ சரியாகுமா?

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் சென்றால் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியை அடையலாம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகளும், உருக்கிய இரும்பைக் கம்பியாக உருட்டும் ஆலைகளும், இயந்திர உறுப்புகளும் இரசாயனப் பொருள்களும் செய்யும் தொழிற்சாலைகளும் உள்ளன. அங்கே நாள்தோறும் காணக்கூடிய ஒரு காட்சி எடைமேடை. சரக்கேற்றிய லாரி மேடைமீது ஏறி நிற்கும். சரக்கை இறக்கியபின் வெறும் லாரி மறுபடியும் நிறுக்கப்படும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சரக்கின் எடை. அமிலமாயினும் சுண்ணாம்பாயினும் வாங்குவது, விற்பது, கணக்கெழுதுவது எல்லாம் எடையில்தான்.

ஆனால் தொட்டிக்குள் அமிலமும் சுண்ணாம்பும் சந்திக்கும்போது நடப்பது வேறு. அங்கே ஒரு துகள் மற்றொரு துகளோடு சேர்கிறது. ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்பதே அங்குள்ள நியதி. அணுக்களுக்கு எடைக்கல் தெரியாது. எண்ணிக்கை மட்டுமே தெரியும். நாமோ அணுக்களை எண்ண முடியாது. நிறுக்க மட்டுமே முடியும். இந்த இரண்டையும் இணைக்கும் பாலம்தான் 'மோல்' என்னும் அளவு. பல மாணவர்களுக்கு இது பாடப்புத்தகத்தில் வரும் கடினமான சொல்லாகவே நின்றுவிடுகிறது. அந்தப் பாலம் எப்படிக் கட்டப்பட்டது, அது இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

போல்ட்டும் நட்டும்

முதலில் இரும்புக் கடைக்குச் செல்வோம். அங்கே போல்ட், நட், வாஷர் ஆகியவற்றை எடை போட்டு விற்கிறார்கள். ஒரு போல்ட்டின் எடை 50 கிராம், நட் 15 கிராம், வாஷர் 5 கிராம் எனக் கொள்வோம். ஒரு இணைப்புக்கு ஒரு போல்ட், ஒரு நட், இரண்டு வாஷர் தேவை.

ஒருவர் மூன்றிலும் பத்துப் பத்துக் கிலோ வாங்கி வருகிறார். கணக்கிட்டுப் பாருங்கள். போல்ட் 200, நட் ஏறக்குறைய 667, வாஷர் 2,000 கிடைக்கும். 200 இணைப்புகள் முடிந்ததும் போல்ட் தீர்ந்துவிடும். 467 நட்டுகளும் 1,600 வாஷர்களும் வீணே மூட்டையில் கிடக்கும்.

விவரம் தெரிந்தவர் 10 கிலோ போல்ட், 3 கிலோ நட், 2 கிலோ வாஷர் என்று வாங்குவார். அவர் ஒன்றைக்கூட எண்ணவில்லை, தராசைத்தான் பயன்படுத்தினார். ஆனால் ஒவ்வொன்றின் எடையும் அவருக்குத் தெரியும். எனவே நிறுத்தே எண்ணிவிட்டார். வேதியியலாரும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஓர் அணுவின் எடையை அறிவது எப்படி?

போல்ட்டைத் தராசில் வைக்கலாம்; அணுவை வைக்க முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு வழிகாட்டியவர் இத்தாலிய நாட்டு அறிஞர் அவகாட்ரோ. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811ஆம் ஆண்டு அவர் கூறினார்.

இதன் பயனைப் பாருங்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனையும் ஒரு லிட்டர் ஹைட்ரஜனையும் நிறுத்தால் ஆக்சிஜன் ஏறக்குறைய 16 மடங்கு கனமாக இருக்கிறது. இரண்டு குடுவையிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே என்றால், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைப்போல் 16 மடங்கு கனமானது என்பது தெளிவு. ஒரு மூலக்கூறைக்கூடக் காணாமலே அவற்றின் எடை விகிதம் கிடைத்துவிட்டது!

இவ்வாறு பல வழிகளில் கண்டறிந்த ஒப்பு எடைகளைத்தான் அணு நிறை என்று படிக்கிறோம். ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, சோடியம் 23, கந்தகம் 32, குளோரின் 35.5, கால்சியம் 40.

இனி ஒரு சிறு தந்திரம். கார்பனை 12 கிராமும், கந்தகத்தை 32 கிராமும், கால்சியத்தை 40 கிராமும் எடுத்துக்கொள்ளுங்கள். அணு நிறை எந்த எண்ணோ அந்த எண்ணுக்குரிய கிராம்கள். ஒரு கந்தக அணு ஒரு கார்பன் அணுவைப்போல் எத்தனை மடங்கு கனமோ, அத்தனை மடங்கு எடையையே எடுத்திருக்கிறோம். ஆகவே மூன்று குவியல்களிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேயாகும். அந்த எண்ணிக்கைக்குத்தான் ஒரு மோல் என்று பெயர். வெற்றிலையைக் கவுளியாகவும், வாழைப்பழத்தை டஜனாகவும், காகிதத்தை ரீமாகவும் எண்ணுவதுபோல் அணுக்களை மோலாக எண்ணுகிறோம்.

எவ்வளவு பெரிய எண்!

ஒரு மோலில் எத்தனை துகள்கள்? 6.022 × 10²³. நம் வழக்கில் சொன்னால் 602 கோடி கோடி கோடி. பிரெஞ்சு அறிஞர் பெரின் 1909ஆம் ஆண்டு இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர் சூட்டினார். இந்தியாவின் 140 கோடி மக்களும் ஊணுறக்கமின்றி வினாடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினால், ஒரு மோலை எண்ணி முடிக்க ஒரு கோடியே 36 லட்சம் ஆண்டுகளாகும். அந்த ஒரு மோல் தண்ணீரோ 18 கிராம்தான். நான்கு தேக்கரண்டிக்கும் குறைவு.

1971ஆம் ஆண்டு மோல் சர்வதேச அடிப்படை அலகுகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. கார்பன்-12 என்னும் வகைக் கார்பனில் 12 கிராமில் எத்தனை அணுக்கள் உண்டோ அத்தனை துகள்கள் என்பதே அப்போதைய வரையறை. 2019ஆம் ஆண்டு மே 20 முதல் இது மாறியது. இப்போது ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். அதாவது, டஜன் என்றால் 12 என்பதுபோல் மோலும் நேரடியான ஓர் எண்ணிக்கையாகிவிட்டது.

அமிலத் தொட்டியும் சுண்ணாம்பும்

இப்போது ஆலைக்குள் வருவோம். இரும்பின்மீதுள்ள துருவையும் பொருக்கையும் நீக்க, அதை அமிலத் தொட்டியில் முக்கி எடுப்பது வழக்கம். பயன்படுத்திய அமில நீரை அப்படியே வெளியே விடக்கூடாது. வெளியேறும் கழிவு நீரின் பி.எச். மதிப்பு 5.5க்கும் 9க்கும் இடையே இருக்கவேண்டும் என்பது நம் நாட்டின் விதி. இதற்காகவே நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து அமிலத்தை நடுநிலையாக்குகிறார்கள்.

ஒரு தொட்டியில் 730 கிலோ ஹைட்ரோகுளோரிக் அமிலம் எஞ்சியிருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும்? வினை இதுதான்: இரண்டு மூலக்கூறு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஓர் அலகு சுண்ணாம்புடன் சேரும்.

ஒரு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 + 35.5 = 36.5 கிராம். ஆகவே 730 கிலோ என்பது 20,000 மோல். சுண்ணாம்பு அதில் பாதி, 10,000 மோல் போதும். கால்சியம் 40, அதனுடன் சேர்ந்த இரு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள் 34, ஆக ஒரு மோல் சுண்ணாம்பு 74 கிராம். எனவே தேவை 740 கிலோ.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 730 கிலோ அமிலத்துக்கு 740 கிலோ சுண்ணாம்பு. ஏறத்தாழக் கிலோவுக்குக் கிலோ! மோலைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் சம எடை சுண்ணாம்பைப் போட்டிருந்தால் பத்துக் கிலோதான் குறைந்திருக்கும். பி.எச். அளவியைப் பார்த்து அந்தக் குறையையும் சரிசெய்துவிடுவார். பல நாள் இப்படியே நடந்தால் 'கிலோவுக்குக் கிலோ' என்பதே விதி என்று அவர் மனத்தில் பதிந்துவிடும்.

ஒருநாள் தொட்டியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் கந்தக அமிலம் வருகிறது, 980 கிலோ. பழைய விதிப்படி அவர் 980 கிலோ சுண்ணாம்பைக் கொட்டுகிறார். சரியா?

கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் 2, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64. ஒரு மோல் 98 கிராம். ஆக 980 கிலோ என்பது 10,000 மோல். ஒரு மூலக்கூறு கந்தக அமிலத்துக்கு ஓர் அலகு சுண்ணாம்பு போதும். எனவே தேவை 10,000 மோல், அதாவது 740 கிலோதான். அவர் போட்டதோ 240 கிலோ அதிகம்!

விளைவு என்ன? முன்பு அமிலமாக இருந்த தண்ணீர் இப்போது கடுங்காரமாகிவிட்டது. எஞ்சிய சுண்ணாம்பில் கரைவது போகத் தொட்டியின் அடியில் சேறாகத் தங்கும். தெளிந்த நீரின் பி.எச். மதிப்போ 12ஐயும் தாண்டிவிடும். மீன்களுக்கு அமில நீர் எவ்வளவு கேடோ கார நீரும் அவ்வளவு கேடு. ஆரணியாறு பழவேற்காடு ஏரியை நோக்கியும், கொசத்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கியும் செல்லும் வட்டாரம் இது. இறாலையும் மீனையும் நம்பி வாழும் குடும்பங்கள் இந்த நீர்நிலைகளின் கரையில் உள்ளன. தொட்டியருகே நிற்பவரின் கணக்கு அவர்களுடைய வலையையும் எட்டும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சம எடை விதி ஏன் பலித்தது? இரண்டு மோல் அமிலத்தின் எடை 73. ஒரு மோல் சுண்ணாம்பின் எடை 74. இந்த இரு எண்களும் அருகருகே அமைந்தது தற்செயல். தற்செயலாகப் பலிக்கும் விதியைவிட ஆபத்தானது வேறில்லை. தவறும் நாள்வரை அது சரியாகவே தோன்றும். மோல் கணக்கோ எந்த அமிலம் வந்தாலும் தவறாது. நடைமுறையில் சுண்ணாம்பின் தூய்மையையும் கணக்கில் சேர்த்து, இறுதியில் பி.எச். மதிப்பையும் அளந்து பார்த்த பின்பே நீரை வெளியே விடவேண்டும்.

காற்றில் கலந்த அம்மோனியா

அடுத்தது வாயு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பம் கடற்கரையருகே, கப்பலிலிருந்து ஓர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. சுற்றுவட்டார மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அப்போது ஆலைக்கருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து அறிவித்தது. 24 மணி நேரச் சராசரி 400 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது தேசிய அளவுகோல்.

ஆனால் பாதுகாப்பு நூல்களைப் புரட்டினால் வாயுக்களின் அளவு பெரும்பாலும் 'பத்து லட்சத்தில் இத்தனை' என்றே காணப்படும். 2,090 என்பது அந்தக் கணக்கில் எவ்வளவு? மோல் இல்லாமல் இதற்கு விடையில்லை.

ஒரு மோல் அம்மோனியா 14 + 3 = 17 கிராம். 2,090 மைக்ரோகிராம் என்பது 0.00209 கிராம். 17ஆல் வகுத்தால் 0.000123 மோல். அவகாட்ரோ கூறியபடி எந்த வாயுவாயினும் ஒரு மோல் ஏறக்குறைய ஒரே இடத்தை அடைக்கும்; கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில், 25 பாகை செல்சியஸில் அது 24.5 லிட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். எனவே அதில் மொத்தம் 40.8 மோல் வாயு உண்டு. 0.000123ஐ 40.8ஆல் வகுத்தால் பத்து லட்சத்தில் 3 என்று கிடைக்கும்.

2,090 என்றால் பெரிதாகவும் 3 என்றால் சிறிதாகவும் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றே! அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து அஞ்சுவதும் தவறு. அலட்சியம் கொள்வதும் தவறு. ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் எடுத்த அளவே அது என்பதையும் மறக்கக்கூடாது. பத்து லட்சத்தில் மூன்று என்ற அளவிலேயே, நாம் இழுக்கும் அரை லிட்டர் மூச்சில் 370 கோடி கோடி அம்மோனியா மூலக்கூறுகள் நுழைகின்றன.

மற்றொன்றும் தெரிந்துகொள்ளலாம். ஒரு மோல் காற்றின் சராசரி எடை 29 கிராம்; அம்மோனியா 17. இரண்டும் ஒரே இடத்தை அடைப்பதால் அம்மோனியா காற்றைவிட இலேசானது, மேலெழும். எனினும் குளிரூட்டித் திரவமாக்கிய அம்மோனியா கசியும்போது குளிர்ந்த மூடுபனிபோல் தரையை ஒட்டியும் பரவக்கூடும். அதனால்தான் கசிவின்போது காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லவேண்டும் என்கிறார்கள்.

கடல்நீரைப் பிழிந்தெடுத்தல்

எண்ணூருக்கு வடக்கே, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடன் அது அமைக்கப்பட்டது. நுண்துளைச் சவ்வின் வழியே கடல்நீரை அழுத்தினால் தண்ணீர் கடந்துவிடும்; உப்பு தங்கிவிடும். ஆனால் நன்னீர் தானாக உப்புநீரை நோக்கிச் செல்லவே முயலும். அந்த முயற்சியின் வலிமையே சவ்வூடுபரவல் அழுத்தம். இதை வென்றால்தான் நமக்குக் குடிநீர்.

இந்த அழுத்தம் கரைந்துள்ள பொருளின் எடையைப் பொறுத்ததன்று. துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இதைக் கண்டு சொன்ன வான்ட் ஹாஃப் என்பவருக்கே 1901ஆம் ஆண்டு வேதியியலின் முதல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 25 பாகையில், ஒரு லிட்டரில் ஒரு மோல் துகள்கள் இருந்தால் 24.5 வளிமண்டல அழுத்தம். வாயுக் கணக்கில் கண்ட அதே 24.5!

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உள்ளது. அதை முழுவதும் சாப்பாட்டு உப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மோல் 58.5 கிராம், ஆக 0.6 மோல். உப்பு நீரில் கரைந்ததும் சோடியம் அயனி, குளோரைடு அயனி என இரண்டாகப் பிரியும். துகள்கள் 1.2 மோல். அழுத்தம் 1.2 × 24.5, அதாவது 29 வளிமண்டலம். கடல்நீரின் உண்மை அளவு இதற்குச் சற்றுக் குறைவு; 27ஐ ஒட்டியது.

உப்புக்குப் பதில் அதே 35 கிராம் சர்க்கரையைக் கரைத்தால்? ஒரு மோல் சர்க்கரை 342 கிராம். அது பிரிவதும் இல்லை. எனவே 0.1 மோல்; அழுத்தம் 2.5 வளிமண்டலம் மட்டுமே. எடை ஒன்று, அழுத்தம் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு! கடல்நீரில் பாதியைப் பிழிந்தெடுத்துவிட்டால் எஞ்சும் நீரில் துகள்கள் இரட்டிப்பாக நெருங்கிவிடும். ஆகையால் இத்தகைய ஆலைகளில் 60 வளிமண்டலத்தை ஒட்டிய அழுத்தம் தேவைப்படுகிறது. குடிநீரின் மின்சாரச் செலவைத் தீர்மானிப்பதே துகள்களின் எண்ணிக்கைதான்.

மூன்று எச்சரிக்கைகள்

மோல் கணக்கில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, எதன் மோல் என்று சொல்லவேண்டும். ஒரு மோல் ஆக்சிஜன் என்றால் அணுவா, மூலக்கூறா? அணு என்றால் 16 கிராம். மூலக்கூறு என்றால் 32 கிராம்.

இரண்டாவது, மோலுக்கு மோல் என்று கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. சமன் செய்த சமன்பாட்டைப் பார்க்கவேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் சுண்ணாம்பு பாதி மோல் போதும் என்று கண்டோமல்லவா?

மூன்றாவது, 24.5 லிட்டர் என்பது வாயுக்களுக்கு மட்டுமே. ஒரு மோல் தண்ணீர் திரவமாக இருக்கையில் 18 மில்லிலிட்டர்தான்.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் 18 கிராம் தண்ணீர், 58.5 கிராம் உப்பு, 342 கிராம் சர்க்கரை ஆகியவற்றை மூன்று கண்ணாடிக் குவளைகளில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். உயரம் வேறு, எடை வேறு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மோல்.

நீங்களே செய்து பாருங்கள்

1. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தில் எரிவது நிலக்கரி. 12 டன் கார்பன் முழுதும் எரிந்தால் எத்தனை டன் கரியமில வாயு உண்டாகும்? கூடுதல் எடை எங்கிருந்து வந்தது?

2. மேலே கண்ட 980 கிலோ கந்தக அமிலத்தைச் சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் சோடாவால் நடுநிலையாக்க எத்தனை கிலோ வேண்டும்? (ஒரு மோல் காஸ்டிக் சோடா 40 கிராம், ஒரு மூலக்கூறு அமிலத்துக்கு இரண்டு அலகு தேவை.)

3. தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேர வேலைக்கு அம்மோனியா பத்து லட்சத்தில் 25க்கு மேல் போகக்கூடாது. கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம்?

4. மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. குளுக்கோஸ் நீரில் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ். எடையில் இவ்வளவு வேறுபாடு இருந்தும் இரண்டும் இரத்தத்துக்கு ஏற்றவையாக இருப்பது ஏன்? (ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம்.)

விடைகள்: (1) 44 டன், கூடுதலான 32 டன்னும் காற்றிலுள்ள ஆக்சிஜன். (2) 800 கிலோ. (3) ஏறக்குறைய 17 மில்லிகிராம். (4) உப்புநீரில் துகள்கள் 0.31 மோல், குளுக்கோஸ் நீரில் 0.28 மோல், எண்ணிக்கை ஏறத்தாழச் சமம்.

விடையைப் பார்க்குமுன் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிடுங்கள். எடையை மோலாக்குக, சமன்பாட்டைப் பார்க்க, மோலை மீண்டும் எடையாக்குக. இம்மூன்று படிகளும் கைவந்துவிட்டால் எடைமேடையில் நிற்கும் லாரிக்குள் எத்தனை அணுக்கள் உள்ளன என்பதையும் நீங்கள் சொல்லிவிடலாம்.